கள்வன் என்று கூறுமுன்

வேலை இழந்தவனைப் பசி வாட்டுவது ஒரு புறம். ஊரார் கண்களில் தெரியும் ஐயம் வாட்டுவது மறு புறம். "தேடினால் கிடைக்காதா?", "உழைக்க மனமில்லையோ?" – பட்டம் பெற்றபின், வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்துவிட்டுப் பள்ளிப் பணிக்காகக் காத்திருந்த நாட்களில், இக்கேள்விகளை நாமும் கேட்டிருக்கிறோம். கேட்டவர்கள் பகைவர்கள் அல்லர், சிற்றப்பாவும் அத்தையும்தான்! 'சோம்பேறி' என்ற சொல்லை எவரும் வாய்திறந்து கூறவில்லை. ஆயினும் அது நம் காதில் விழுந்துகொண்டே இருந்தது. ஆகவேதான், அமெரிக்க நாட்டில் வேலையில்லாதோர் உதவித்தொகையில் மோசடி செய்தவர்களுக்கு விதிக்கப்படும் தண்டனைகளைப் பற்றிப் படிக்க நேர்ந்தபோது, அதைச் சட்டப் புத்தகத்துச் செய்தியாக மட்டும் கொள்ள நம்மால் இயலவில்லை.

உதவித்தொகை என்றவுடன், இரக்கங்கொண்டு எவரோ இடும் பிச்சை என்று எண்ணுவோர் உண்டு. பிச்சை அன்று அது, காப்பீடு. ஆலைகள் மூடப்பட்டு, உழைத்த கரங்கள் ரொட்டிக்காக வரிசையில் நீண்ட பெருமந்தக் காலத்தில், 1932-ஆம் ஆண்டு, விஸ்கான்சின் மாநிலம் இதற்கென முதற்சட்டம் இயற்றிற்று. 1935-இல் அதிபர் ரூசுவெல்ட் கையெழுத்திட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டம், அது நாடெங்கும் பரவ வழி செய்தது. தொழிலாளி பணியில் இருக்கும்போதே அவன் பொருட்டு முதலாளி வரி செலுத்துகிறார். தன் குற்றம் ஏதுமின்றி அவன் வேலை இழந்தால், ஊதியத்தில் ஒரு பகுதி சில வாரங்களுக்கு அவனுக்குக் கிடைக்கிறது. அறுவடைக் காலத்தில் குதிரில் நெல் சேர்ப்பது போன்ற ஏற்பாடு. அந்தக் குதிர் எவருடையது? உழைத்தவனுடையது!

அக்குதிரில் கை வைக்கும் கள்வர்களும் உண்டு, மறைப்பானேன்? வேலை கிடைத்த பின்னரும் 'இல்லை' என்று வாரந்தோறும் எழுதிக் கொடுத்துப் பணம் பெறுவோர், வருவாயை மறைப்போர், இல்லாத நிறுவனத்தில் பணிபுரிந்ததாகக் கணக்குக் காட்டுவோர், பிறர் பெயரையும் அடையாள எண்ணையும் திருடி விண்ணப்பிப்போர் எனப் பல வகையினர். 2020-இல் கொரோனா நோய் பரவி, கோடிக்கணக்கானோர் வேலை இழந்தபோது, அமெரிக்க அரசு உதவியின் கதவை அகலத் திறந்தது. பசித்தவரோடு திருடரும் உள்ளே புகுந்தனர். 2020 ஏப்ரல் முதல் 2023 மே வரை மோசடியால் போன தொகை 10,000 கோடி டாலர் முதல் 13,500 கோடி டாலர் வரை இருக்கலாம் என்று, கூட்டரசின் கணக்காய்வு அலுவலகம் 2023-இல் மதிப்பிட்டது. வழங்கிய தொகையில் நூற்றுக்குப் பதினொன்று முதல் பதினைந்து வரை! சிறிய களவன்று இது.

தண்டனையும் சிறிதன்று. மோசடியாகப் பெற்ற தொகையைத் திருப்பிச் செலுத்துவதோடு, அதில் நூற்றுக்குப் பதினைந்துக்குக் குறையாமல் அபராதமும் விதிக்க வேண்டும் என்று 2011-ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டம் மாநிலங்களுக்குக் கட்டளையிட்டது. தொலைத்தொடர்பு வழியே செய்யும் மோசடிக்கு 20 ஆண்டு வரை சிறை. பேரிடர்க்கால உதவியில் செய்தால் 30 ஆண்டு வரை. மோசடிக்காகப் பிறர் அடையாளத்தைத் திருடினால், அதற்கெனத் தனியே இரண்டு ஆண்டு. குதிரைக் கொள்ளையடிக்கும் கும்பலுக்கு இத்தண்டனை கூடாதென நாம் வாதாட வரவில்லை. ஏழைக்கென வைத்ததை எடுப்பவன் ஏழைக்குப் பகைவன்.

ஆனால் அச்சட்டங்களின் உயிர் ஒரே சொல்லில் இருக்கிறது: 'அறிந்தே'. அறிந்தே பொய் கூறியவன்தான் மோசடிக்காரன். படிவத்தின் கேள்வி விளங்காமல் தவறாக விடை எழுதியவர், வேலையில் சேர்ந்த நாளை மாற்றிக் குறித்தவர், அலுவலகத்தின் கணக்குப் பிழையால் கூடுதல் தொகை பெற்றவர் – இவர்கள் பணத்தைத் திருப்பித் தர நேரலாம்; கள்வர் ஆகமாட்டார்கள். ஆசிரியர் தொழிலில் இந்த வேறுபாடு நாள்தோறும் எதிர்ப்படும். இரு மாணவர்களின் விடைத்தாளில் ஒரே தவறு இருந்தால், 'பார்த்து எழுதினான்' என்று முடிவு கட்டுவது எளிது. இருவரும் ஒரே குறிப்பேட்டைப் படித்தவர்களாகவும் இருக்கலாம் அல்லவா? அழைத்துக் கேட்காமல் எப்படித் தெரியும்?

அழைத்துக் கேட்க மறந்தது மிச்சிகன் மாநிலம். 2013 அக்டோபரில், மோசடியைக் கண்டுபிடிக்கும் பொறுப்பை 'மைடாஸ்' என்ற கணினி அமைப்பிடம் அது ஒப்படைத்தது. ஒருவர் மூன்று மாதத்தில் முதல் மாதம் மட்டும் உழைத்து ஊதியம் பெற்று, பிறகு வேலை இழந்திருப்பார். அந்த ஊதியத்தைக் கணினி மூன்று மாதத்து வாரங்களுக்கும் பங்கிட்டது. உடனே, வேலையின்றித் தவித்த வாரங்களிலும் அவர் சம்பாதித்ததாகக் கணக்கு வந்தது! விளக்கம் கேட்டு வினாப்பட்டியல் ஒன்று இணையக் கணக்குக்குப் போயிற்று. உதவித்தொகை நின்றுபோனவர் அக்கணக்கை ஏன் திறந்து பார்க்கப் போகிறார்? பத்து நாளில் பதில் வராவிட்டால் குற்றவாளி என்று தீர்ப்பு. மனிதக் கண் ஒன்றுகூடப் பாராமலே பல்லாயிரம் தீர்ப்புகள்!

அபராதம் எவ்வளவு? பெற்ற தொகையைப் போல் நான்கு மடங்கு. அதன்மேல் நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டி. ஆயிரம் டாலர் பெற்றவர் அசலும் அபராதமுமாக ஐயாயிரம் செலுத்த வேண்டும். புதிய வேலையின் ஊதியத்திலிருந்து பிடித்தார்கள். திரும்பி வரவேண்டிய வரிப்பணத்தையும் எடுத்துக்கொண்டார்கள். திவாலாகி நீதிமன்றம் ஏறியோரும் உண்டு. கணினி தானே தீர்ப்பளித்த 22,427 வழக்குகளை அரசின் அலுவலகமே பின்னர் மறு ஆய்வு செய்தபோது, நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்றில் மோசடியே இல்லை என்று தெரிந்தது.

சிலம்பின் கதை நமக்குப் புதிதன்று. பொற்கொல்லன் 'இவனே கள்வன்' என்றான், பாண்டியன் ஆராயவில்லை, கோவலன் வெட்டுண்டான். ஒரு குடிமகன் மீது விழுந்த ஆராயாத தீர்ப்பு, அரசன் உயிரையும் மதுரை மாநகரையும் வாங்கிற்று. மிச்சிகனில் பொற்கொல்லனும் பாண்டியனும் ஒரே பெட்டிக்குள் அமர்ந்திருந்தனர். குற்றம் சாட்டியதும் அதுவே, தீர்ப்பளித்ததும் அதுவே. பொற்கொல்லனுக்காவது தான் சொல்வது பொய் என்று தெரியும். இயந்திரத்துக்குப் பொய்யும் தெரியாது, மெய்யும் தெரியாது. அதனிடம் செங்கோலைக் கொடுத்தவர்கள் மனிதர்கள், பழியும் அவர்களுடையதே.

ஆயினும் அம்மக்கள் ஓயவில்லை. வழக்குத் தொடுத்தார்கள்; வழக்கறிஞர்கள் துணை நின்றார்கள்; இதழ்கள் எழுதின. தவறாகப் பிடித்த பணம் இரண்டு கோடி டாலருக்கு மேல் திருப்பித் தரப்பட்டது. 2017 இறுதியில் சட்டம் திருத்தப்பட்டு, நான்கு மடங்கு அபராதம், முதன்முறைக் குற்றத்துக்கு ஒரு மடங்காகக் குறைந்தது. மாநில உரிமைகளை மீறியதற்காக அரசிடம் இழப்பீடு கோரலாம் என்று 2022 ஜூலையில் மிச்சிகன் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வாண்டே இரண்டு கோடி டாலர் இழப்பீட்டுக்கு அரசு இசைந்தது. வெற்றிதான். ஆனால், 'மோசடிக்காரன்' என்ற பெயரைச் சுமந்தபடி பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து வாழ்ந்த அந்த ஆண்டுகளை எந்தக் கருவூலம் திருப்பித் தரும்?

கடுந்தண்டனையால் மட்டும் களவு ஒழியாது. பணம் கைமாறுமுன் விண்ணப்பதாரர் இன்னாரே என்று சரிபார்த்தால், திருடர் கும்பலில் பெரும்பகுதி வாயிலிலேயே நின்றுவிடும். படிவத்தை எளிய மொழியில் எழுதினால் பிழைகள் குறையும். குற்றச்சாட்டு எழுந்தால், அது உரியவர் கையில் சேர்ந்ததா என்று அறிந்து, நேரில் அழைத்து, அவர் சொல்லையும் கேட்டு, மனிதர் ஒருவர் பெயரிட்டுத் தீர்ப்பெழுத வேண்டும். அதன் பின்னும் குற்றம் நிலைநின்றால் தண்டிக்கட்டும், தடுப்பார் யார்?

குற்றத்தை மெய்ப்பிக்க வேண்டியவர் குற்றம் சாட்டியவரே. செல்வருக்கு இவ்வுரிமையை வழக்கறிஞர் பெற்றுத் தருவார். வேலை இழந்தவருக்கு அரசே அதைக் காத்துத் தர வேண்டும். களவு போன பணத்தை வரியால் நிரப்பலாம். ஆராயாமல் ஒருவர் நெற்றியில் எழுதிய 'கள்வன்' என்ற சொல்லை எதைக்கொண்டு அழிப்பது?