ஒளிக்கு ஓர் உரைகல்

கண்ணிமைக்கும் நேரம் என்போம், குறுகிய காலத்தைக் குறிப்பிட. அந்த இமைப்பொழுதே ஓர் ஊழிக்காலமாகத் தோன்றும் உலகம் ஒன்று உண்டு. புராணிகர் புளுகிய உலகமன்று, ஆராய்ச்சிக்கூடத்து உலகம். ஒரு வினாடியைக் கோடிக் கூறாக்கி, அக்கூறு ஒன்றை மீண்டும் பத்துக் கோடிக் கூறாக்கினால் கிடைப்பது ஒரு ஃபெம்டோ வினாடி. அதற்குள் ஒளியே 0.3 மைக்ரோமீட்டர்தான் நகரும்! சில ஃபெம்டோ வினாடிகளே வாழும் லேசர் துடிப்புகளை இன்று உண்டாக்குகின்றனர்.

உண்டாக்கினோம் என்று கூறிவிடலாம். மெய்ப்பிப்பது எங்ஙனம்? நாம் கேட்க விரும்புவது அந்தக் கேள்வியைத்தான். ஞானதிருஷ்டியால் கண்டோம் என்று கூறித் தப்பித்துக்கொள்ள, ஆராய்ச்சிக்கூடம் ஆசிரமம் அல்லவே!

ஒன்றை அளக்க அதனினும் சிறிய அளவுகோல் வேண்டும். அத்துடிப்பினும் சிறியது கைவசம் இல்லை. எனவே துடிப்பைக் கொண்டே துடிப்பை அளந்தனர். ஒளியை இரு கூறாகப் பிரித்து, ஒரு கூறினை நகரும் ஆடியில் பட்டுத் திரும்பச் செய்வர். ஆடியை ஒரு மைக்ரோமீட்டர் பின்னுக்குத் தள்ளினால் பாதை இரண்டு மைக்ரோமீட்டர் நீளும். ஒளி ஏறத்தாழ 6.7 ஃபெம்டோ வினாடி தாமதமாக வரும். இரு கூறுகளும் ஒரு படிகத்திலே ஒரே கணத்தில் சந்தித்தால் மட்டுமே புதுநிற ஒளி பிறக்கும். காலத்தை அளக்கும் வேலை, நீளத்தை அளக்கும் வேலையாகிவிட்டது!

ஆனால் வழக்காளியே சாட்சியும் ஆகிவிட்டால், குறுக்கு விசாரணை கடுமையாகத்தானே இருத்தல் வேண்டும்? 1967இல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் ஜியோர்ட்மெயினும் அவர்தம் தோழர்களும் வேறொரு முறை கண்டனர். இரு ஒளித்துகள்களை ஒருங்கே விழுங்கினால் ஒளிரும் கரைசலிலே, துடிப்புகளை எதிரெதிரே மோதவிட்டுப் படம் பிடித்தனர். மோதிய இடத்திலே ஒளிப்பொட்டு. பொட்டின் நீளமே துடிப்பின் காலம் என்றனர். களிப்புக்குக் கேட்கவேண்டுமா?

ஐயம் எழுந்தது. ஒழுங்கற்ற வெறும் ஒளிக் குழப்பமும் அதே போன்ற பொட்டினைக் காட்டும்! வேறுபாடு எதிலே? தூய துடிப்பாயின் பொட்டு, சுற்றுப்புறத்தைப் போல் மூன்று மடங்கு ஒளிரும். குழப்பமாயின் ஒன்றரை மடங்கே. 1968இல் இதனை விளக்கிய கட்டுரையொன்றிலே ஜியோர்ட்மெயினின் பெயரும் இருக்கிறது. தம் முறையைத் தாமே உரைகல்லில் உரைத்துப் பார்த்தார். ஆச்சாரியார் பீடங்களிலே இத்தகைய காட்சியை நாம் கண்டதில்லை.

மற்றொரு குறை நீடித்தது. தன்னோடு தன்னையே ஒப்பிடுவதால் வரும் கோடு, இருபுறமும் ஒத்தே இருக்கும். மெல்ல எழுந்து சட்டென வீழ்ந்த துடிப்பா, சட்டென எழுந்து மெல்ல வீழ்ந்ததா? கோடு வாய் திறவாது.

1991இல் டிரெபினோவும் கேனும் வழி கண்டனர். ஃப்ராக் என்று பெயர். ஒவ்வொரு தாமதத்திலும் பிறக்கும் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பதிவு செய்வர். எந்தச் சுரம் எப்போது ஒலித்தது என்று காட்டும் இசைக்குறிப்பு போன்றதொரு படம் அது. துடிப்பின் வடிவைக் கணிப்பொறி தேடும். கண்ட வடிவிலிருந்து படத்தைத் திரும்பக் கணக்கிடும். அளந்த படத்தோடு அது பொருந்தவில்லையா? கருவியிலோ கணக்கிலோ பிழை என்று பொருள். தன் பிழையைத் தானே காட்டிக்கொடுக்கும் முறை!

படிகத்தில் இருமடங்கு அதிர்வெண் ஒளியை உண்டாக்கும் ஃப்ராக் வகையிலே மட்டும், முன்பின் ஐயம் இன்னும் உண்டு. அதற்கும் வழி எளியது. ஒளியின் பாதையிலே ஒரு கண்ணாடித் துண்டை வைத்து மீண்டும் அளப்பர். கண்ணாடி துடிப்பை எவ்வாறு மாற்றும் என்பது முன்பே தெரியும். அம்மாற்றத்திற்கு இசைந்த திசையே உண்மையான திசை.