உதகையில் மோகனூர் மல்லிகை

மோகனூர் என்றதும் நேயர்களுக்கு நாமக்கல் கவிஞர் ஞாபகம் வரும். 1888-ல் அவர் பிறந்த ஊர் அது. காவிரியும் அசலதீபேசுவரர் கோயிலும் அந்த ஊருக்கு அழகு. ஆனால் அந்தப் பக்கத்தில் பூ என்பது அழகுப் பொருள் மட்டுமல்ல, பலருக்குப் பிழைப்பு. மல்லிகையை விடியற்காலையில் மொட்டாகப் பறித்து, பரமத்திவேலூர் ஏலத்துக்கு அனுப்பியாக வேண்டும். மலர்ந்துவிட்டால் விலை போயிற்று!

அந்த ஊர்க்காரர்கள் ஒரு பஸ் நிறைய உதகை மலர்க் கண்காட்சிக்குப் புறப்பட்டார்கள். நானும் தொற்றிக் கொண்டேன். குன்னூர் தாண்டியதும் ஆண்கள் தலையிலெல்லாம் துண்டு ஏறிவிட்டது.

சுமார் 55 ஏக்கர் பரந்து கிடக்கும் அந்த அரசினர் தாவரவியல் பூங்கா எதற்காக ஆரம்பமாயிற்று தெரியுமோ? குழம்புக்குக் காய்கறி வேண்டி! 1847-ல் உதகையிலிருந்த வெள்ளைக்காரர்கள், மலிவாகக் காய்கறி கிடைக்கட்டுமென்று ஆளுக்கு மாதம் 3 ரூபாய் சந்தா போட்டு ஒரு தோட்டம் வைத்தார்கள். மறு வருஷம் இங்கிலாந்திலுள்ள கியூ தோட்டத்திலிருந்து மக் ஐவர் என்பவர் வந்து சேர்ந்தார். மேலே காடு, கீழே சதுப்பு. பத்து வருஷம் போலப் பாடுபட்டு அதை நந்தவனமாக்கினார் அந்த மனிதர். மலர்க் கண்காட்சி 1896-ல் தொடங்கியது. மே மாதத்தில் பூக்க வேண்டுமென்று பல மாதம் முன்னதாகவே விதை போட்டு, ஆயிரக்கணக்கான தொட்டிகளில் வளர்க்கிறார்கள். ஊரார் தங்கள் வீட்டுத் தோட்டங்களையும் போட்டிக்குக் கொண்டு வருவதுண்டு.

சால்வியா, பான்சி, பெட்டூனியா என்று படிப்படியாக அடுக்கியிருந்தார்கள். எல்லோரும் "அடேயப்பா!" என்றார்கள். எங்களுடன் வந்த ஒரு பாட்டி மட்டும் குனிந்து முகர்ந்து பார்த்தாள். ஐம்பது வருஷம் பூப்பறித்த கை அவளுடையது.

"ஏனுங்க, ஒண்ணுலயும் வாசமே காணோமே! பறிக்கவும் கூடாதுன்னு எழுதியிருக்குதாம். அப்புறம் எதுக்குங்க இத்தனை பாடு?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பக்கத்தில் ஒரு தோட்டக்காரர் வாடிய பூக்களைக் கிள்ளிக் கொண்டிருந்தார். பாட்டி அவரிடம் போனாள்.

"ஏன் தம்பி, கிள்ளினாத்தான் அடுத்த மொட்டு வருமா?"

"ஆமாங்க ஆத்தா. விட்டா விதை பிடிச்சுரும். செடி பூக்கிறதை நிறுத்திக்கும்."

"இடுப்பு நோகுதா?"

அவர் சிரித்துவிட்டார். "ராத்திரி படுத்தாத்தாங்க தெரியும்!"

அவ்வளவுதான். இருவரும் அரைமணி நேரம் பேசினார்கள். எருவைப் பற்றி, பூச்சியைப் பற்றி, கூலியைப் பற்றி. அதற்குள் மற்றவர்கள் கார்னேஷன் பூக்களால் கட்டிய கோட்டைக்கு முன்னால் நின்று நூறு போட்டோ எடுத்துவிட்டார்கள். நானும் அந்தக் கோட்டையைப் பார்த்தேன். பாதகமில்லை.

பஸ் புறப்படும் சமயம் பாட்டியைக் காணவில்லை! தேடிக் கொண்டு ஓடினேன். வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்து, ஊரிலிருந்து கொண்டு வந்த மல்லிகையில் இரண்டு முழம் அளந்து கொண்டிருந்தாள்.

"வீட்டுல குடு தம்பி. கொஞ்சம் வாடியிருக்குது, வாசம் போகலே."

அவர் மண் படிந்த கைகளைச் சட்டையில் துடைத்துக் கொண்டு வாங்கிக் கொண்டார்.