அங்கிட்டுக் கொஞ்சம், இங்கிட்டுக் கொஞ்சம்

திருப்பரங்குன்றத்து வீட்டைக் காலி செய்தபோது கொல்லையில் தாத்தாவின் கால் வைஸ் கிடைத்தது. முப்பது கிலோவுக்குக் குறையாது. பழைய இரும்புக்காரர் தராசோடு வாசலில் நின்றார். "எடைக்குப் போட்டுருப்பா, இது இனி தொறக்காது" என்றார் அப்பா. நான் மாட்டேன் என்றேன். ஏன் என்று கேட்டிருந்தால் என்னிடம் பதில் இல்லை.

தாத்தா கொல்லர். அரிவாள், கொழு, வண்டிப் பட்டா எல்லாம் அடித்தவர். அப்பா சின்ன வயதில் துருத்தி ஊதினாராம். பிறகு படிப்பு, குமாஸ்தா வேலை. பட்டறைப் பேச்சு வீட்டில் எழுந்ததே இல்லை. நானோ இன்ஜினியரிங் முதலாம் ஆண்டு ஃபிட்டிங் லேபில், நண்பன் அராவிக் கொடுத்த துண்டைக் காட்டி மார்க் வாங்கியவன்.

சாதாரண பெஞ்ச் வைஸ் வார்ப்பிரும்பு; ஓங்கி அடித்தால் விண்டுவிடும். கால் வைஸ் காய்ச்சி அடித்த இரும்பு. அதன் ஒரு கால் தரைவரை இறங்கும். சம்மட்டி அடியின் பாரம் அந்தக் கால்வழியே மண்ணுக்குப் போய்விடும். திருகை இறுக்கினால் முன்தாடை மூடும். தளர்த்தினால் நடுவிலுள்ள வில்பட்டை அதைத் தள்ளித் திறக்கும். எங்களுடையதில் திருகு அசையவே இல்லை.

மூன்று நாள் டீசல் விட்டேன். கைப்பிடியில் நாலடிக் குழாயை மாட்டித் தொங்கினேன். கைப்பிடிதான் வளைந்தது. "இரும்பு துருவாகும்போது பருமன் கூடும்ப்பா, அது மரைக்குள்ள ஆப்பு மாதிரி..." என்று அப்பாவுக்கு விளக்க ஆரம்பித்தேன். கொல்லத் தெருவில் ஊசி விற்கிறோம் என்பது பாதியில்தான் உறைத்தது.

"டீசலைச் சுத்தமாத் தொடை. ஒரு மெழுகுவத்தி எடுத்துட்டு வா" என்றார்.

திருகு நுழையும் பெட்டியை ப்ளோ லாம்ப்பால் சூடாக்கினேன். "செவக்க விடாத. உள்ள மரையைப் பித்தளை வச்சு ஒட்டிருக்கு. உருகுச்சுன்னா போச்சு." சூடேறியதும் மெழுகை இடுக்கில் வைத்தார், உருகி உள்ளே இழுத்துக்கொண்டது. சுத்தியலால் சுற்றிலும் தட்டினார். "ஒரே பக்கமா மல்லுக்கட்டாத. அங்கிட்டுக் கொஞ்சம், இங்கிட்டுக் கொஞ்சம். துரு தானாப் பொடிஞ்சு வரும்."

நூலளவு அசைந்தது. மறுநாள் சாயங்காலம் முழுசாகக் கழன்றது.

மீதித் துருவுக்கு என் வைத்தியம். வாஷிங் சோடா கரைத்த தண்ணீரில் பாகங்களைப் போட்டு, பேட்டரி சார்ஜரின் மைனஸை அவற்றிலும், பிளஸ்ஸைப் பழைய இரும்புத் துண்டிலும் கொடுத்தேன். ஹைட்ரஜன் வரும் என்பதால் திறந்தவெளியில்தான் செய்ய வேண்டும். பிளஸ் பக்கம் எவர்சில்வர் கூடாது, நச்சுக் குரோமியம் கரையும். அப்பா குமிழிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பள்ளிக்கூடத்துல என் கைக்கரியப் பாத்துச் சிரிப்பாங்க" என்றார் திடீரென்று. "வாசல்ல நின்னு தேச்சுத் தேச்சுக் கழுவுவேன். எங்கப்பா பாத்துக்கிட்டே இருப்பாரு. ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

எனக்கும் ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. எண்ணெய்த் துணியை நீட்டினேன். வாங்கித் தாடைகளைத் துடைத்தார்.

பசுமலை வீட்டுக் கார் ஷெட்டில் இப்போது அதை நிறுத்தியிருக்கிறோம். தாடை, வேலை செய்பவரின் முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும் என்பது பட்டறைக் கணக்கு. எனக்கு நாலு விரல்கடை தாழ்வு. அடியில் கட்டை வைக்கலாமா என்று கேட்டேன். அப்பா பக்கத்தில் நின்று முழங்கையை மடக்கிப் பார்த்தார். சரியாக இருந்தது.

"வேணாம், அப்படியே இருக்கட்டும்" என்றார். கையில் கரி. கழுவப் போகவில்லை.