வெட்டுவதும் ஒட்டுவதும்

யாழ்ப்பாணத்துக் குடும்பமொன்றில் ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாட் கிரியைகள் நிகழும்போது, வந்தோர் கையிலே சிறு நூலொன்று கொடுக்கப்படும். அதனைக் கல்வெட்டு என்பது எம்மவர் வழக்கு. கல்லில் எதுவும் வெட்டப்படுவதில்லை, தாளில் அச்சிடப்படுவதே. முகப்பில் இறந்தவரின் படம், உள்ளே தேவார திருவாசகங்கள், இறந்த திதியைக் கூறும் வெண்பா, வாழ்க்கை வரலாறு, மனைவி, மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் ஆகியோர் பெயரால் அமைந்த புலம்பல்கள், இறுதியில் வம்சாவழி. புலம்பல்களைப் பெரும்பாலும் ஊர்ப் புலவரோ ஓய்வுபெற்ற தமிழாசிரியரோ எழுதிக் கொடுப்பார். பாரிசிலே மகன் அழவேண்டிய அழுகையை நெல்லியடி அச்சகமொன்றின் வாங்கில் இருந்துகொண்டு இவர் அழுது முடிப்பார். நம் விமர்சகர்கள் இவற்றை இலக்கியமென ஏற்கமாட்டார்கள். ஏற்காவிடினும் பாதகமில்லை. மன்னனும் மடாதிபதியும் அல்லாத ஒரு எழுதுவினைஞருக்கும், ஒரு கமக்காரருக்கும், ஒரு கடை முதலாளிக்கும் சரித்திரம் உண்டென்பதை எம்மண்ணில் அச்சிலே ஒப்புக்கொண்ட வடிவம் அது.

ஒப்புக்கொண்டதிலும் ஒரு கணக்கு உண்டு. அச்சுக்கூலி கொடுக்க வல்லவருக்கே கல்வெட்டு வாய்த்தது. வம்சாவழிப் பக்கத்தைச் சற்று உற்று நோக்குவோர்க்கு, அந்த மரத்திலே சில கொப்புகள் தறிக்கப்பட்டிருப்பது புலப்படும். சாதி மாறி மணந்தவர், வீட்டைவிட்டுச் சொல்லாமற் போனவர், மானம் கருதிக் குடும்பம் மறைத்த நோயாளி ஆகியோர் அம்மரத்தில் பிறக்கவே இல்லை. குடும்பத்தின் காணியைக் கொத்தியவர்களும் பனையில் ஏறியவர்களும் கல்வெட்டின் எந்தப் பக்கத்திலும் இல்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

எனினும் இருப்பதைக் காப்பது முதற் கடமை. 1981 மே 31ஆம் திகதி இரவு யாழ்ப்பாணப் பொதுநூலகம் கொளுத்தப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலான பின்னர், ஒரே பிரதியை ஒரே கட்டடத்தில் வைத்திருப்பதன் ஆபத்தை எம்மவர் நன்கு அறிந்தனர். 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் மின்வருடி எவரும் படிக்கும்படி வைத்தபோது, இந்தக் கல்வெட்டுகளையும் நினைவு மலர்களையும் தள்ளிவிடாது சேர்த்துக்கொண்டது. நல்ல காரியம். நாளை இக்குடாநாட்டின் சமூக வரலாற்றை எழுதப்போகும் மாணவன், மந்திரிமாரின் உரைகளைவிட இச்சிறு நூல்களிலேயே அதிகம் கண்டெடுப்பான் என்பது எமது எண்ணம்.

இன்று கல்வெட்டின் பேரப்பிள்ளையொன்று பிறந்திருக்கிறது. படங்களையும், பத்திரிகைத் துண்டுகளையும், பழைய கடிதங்களையும் வெட்டி ஒட்டி வைக்கும் ஏடு மேல்நாட்டில் நெடுங்காலமாக இருந்துவந்தது. எழுத்தாளர் மார்க் ட்வெயின், பசை தடவிய தாள் கொண்ட ஒட்டேடொன்றை அமைத்து 1873இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். அது செல்வர் வீட்டுப் பொழுதுபோக்கு மட்டுமன்று. அடிமைத்தளையை உடைத்து வெளிவந்த பிரெடெரிக் டக்ளசின் புதல்வர்களும் தந்தையாரின் போராட்டச் செய்திகளை வெட்டி ஒட்டிக் காத்தனர். பெரும் பத்திரிகைகள் மறக்க விரும்பியதைக் கறுப்பின மக்கள் வீட்டு ஏட்டிலே நிறுத்தி வைத்தார்கள். அந்த ஒட்டேடு இப்போது கணினிக்குள் நுழைந்துவிட்டது. கத்தரியும் பசையும் தேவையில்லை. கைத்தொலைபேசி ஒன்றே போதும்.

எமது பெறாமகள் ஒருத்தி ரொறன்ரோவில் வாழ்கிறாள். எங்கள் குடும்பத்தின் நூறாண்டுக் கதையை இவ்வாறு ஏடாக்கும் பணியில் அவள் ஈடுபட்டிருக்கிறாள். உடுப்பிட்டி வீட்டில் எஞ்சியிருக்கும் படங்களை மின்வருடி அனுப்புவதும், இன்னார் இவர் என்று சொல்வதும் எம் பங்கு. றங்குப்பெட்டியைத் திறந்தபோது நாம் கண்டது ஒரு குடும்பத்தின் கதையை மட்டுமன்று. மலாயாவுக்கு உத்தியோகம் பார்க்கப் போன பாட்டனார், ஈப்போவிலே கோட்டும் தலைப்பாகையுமாக நின்று எடுப்பித்த படம் இருந்தது. அமெரிக்க மிஷன் எமதூரில் நாட்டிய பாடசாலைகளிலே ஆங்கிலம் கற்று, அதைக் கொண்டு கடல் கடந்து, மாதாமாதம் காசுக்கட்டளை அனுப்பி, கல்வீடு கட்டி, காணி வாங்கிய ஒரு வர்க்கத்தின் எழுச்சி முழுவதும் அந்தத் தலைப்பாகையிலே தெரிந்தது. அந்தக் காணிகளை யார் உழைத்து விளைவித்தார்கள் என்பது தெரியவில்லை. அது வேறு படத்தில் இருந்தது. அதற்குப் பின்னர் வருவோம்.

பெட்டியில் 1980களுக்குரிய படங்கள் மிகக் குறைவு. 1987 மே மாத இறுதியில் வடமராட்சியில் பெரும் படைநடவடிக்கை தொடங்கி, பிடிபட்ட இளைஞர் பலர் கப்பலேற்றப்பட்டுக் காலிக்கு அண்மையிலுள்ள பூசா முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்ட காலத்தில், இளைஞரின் படமொன்று வீட்டில் இருப்பதே குற்றத்துக்குச் சான்றாகிவிடக் கூடியதாயிருந்தது. தாய்மார் பிள்ளைகளின் படங்களை அடுப்பிலிட்டனர். சிலர் உரப்பையில் சுற்றிப் பனையடியிலே புதைத்தனர். எங்கள் வீட்டிலும் புதைத்தோம். பின்னர் தோண்டியபோது கறையான் எஞ்சவிட்டவை நான்கோ ஐந்தோ.

எரிக்கப்பட்ட அதே வகைப் படங்கள்தாம் பிற்காலத்தில் கிடைத்தற்கரிய ஆவணங்களாயின. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கிய காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் கைகளிலே இருந்தவை யாவை? பள்ளிக் குழுப் படத்திலிருந்தும், அடையாள அட்டையிலிருந்தும், அக்காளின் திருமணப் படத்திலிருந்தும் வெட்டியெடுத்துப் பெருப்பித்த முகங்கள். பெருப்பிக்கப் பெருப்பிக்க முகம் புள்ளிகளாகச் சிதறுகிறது. ஆயினும் தாய்க்கு அடையாளம் தெரிகிறது. ஓர் அல்பத்தில் ஓரமாக நின்ற பையன், பின்னாளில் ஓர் அரசைக் கேள்வி கேட்கும் சாட்சியாகிறான். குடும்பப் படம் குடும்பத்துக்கு மட்டும் உரியதென்று நினைப்போர் இதனை மனங்கொள்ள வேண்டும்.

இவ்வட்டாரத்துப் படப்பிடிப்பு நிலையங்களில் இன்னொரு தொழிலும் நடக்கிறது. தாய் உடுப்பிட்டியில், மூத்தவன் இலண்டனில், இளையவன் ஒஸ்லோவில், நடுவில் உள்ளவன் உயிரோடில்லை. நால்வரும் ஒரே சட்டகத்தில் நின்றதே இல்லை. கணினியிலே நால்வரையும் வெட்டியெடுத்து, பின்னே நீலத் திரையொன்றை விரித்து, ஒரு குடும்பப் படமாக ஒட்டிக் கொடுக்கிறார்கள். நிழல் ஒருவனுக்கு இடப்பக்கம் விழும், மற்றவனுக்கு வலப்பக்கம். இறந்தவன் இருபது வயதிலேயே நிற்க, அவனுடைய தம்பி நரைத்து நிற்பான். இது பொய்யென்று அழகியலார் கூறலாம். போரும் விசாவும் பிரித்த மக்களை ஒரு சுவரிலேனும் ஒன்றாக நிறுத்த விரும்பும் தாயின் ஆசையைப் பொய்யென்று தள்ள எமக்கு மனமில்லை. இது ஒட்டிய படம் என்பதைப் பின்புறத்தில் ஒரு வரியில் எழுதிவிட்டாற் போதும்.

ஒட்டுவதை மன்னிக்கலாம். வெட்டுவதை என் செய்வது?

1961இல் எங்கள் முற்றத்தில் நடந்த திருமணமொன்றின் படம் பெட்டியில் இருந்தது. மணமக்கள், பட்டுச் சேலைகள், சால்வைகள், முன்வரிசையிலே சப்பாணி கொட்டிய சிறுவர். வலப்பக்க ஓரத்தில், பந்தற்காலுக்கு அப்பால், மேற்சட்டை அணியாத ஒருவர் பெற்றோமாக்ஸ் விளக்கை ஏந்தி நிற்கிறார். படமெடுத்தவர் அவரைச் சேர்க்க நினைத்திருக்கமாட்டார். விளக்கின் வெளிச்சம் வேண்டியிருந்ததால் ஆளும் விழுந்துவிட்டார். எங்கள் தோட்டத்தில் துலா மிதித்தவர் அவரே. அவர் மிதித்து இறைத்த கிணற்றிலே அவர் வாளி போட்டுக் குடிக்க முடியாது. தண்ணீர் உயரத்திலிருந்து ஊற்றப்படும், அவர் கையேந்த வேண்டும். சாதியின் பெயரால் ஒருவரைத் தடுப்பது குற்றமென்று பாராளுமன்றம் 1957இலேயே சட்டமியற்றிவிட்டது. அச்சட்டம் எங்கள் படலைவரை வந்து சேர நெடுங்காலம் சென்றது. 1966இலும் அதன் பின்னரும் தேநீர்க்கடைகளிலும் கோயில் வாசல்களிலும் போராடிய மக்களே அதனை இழுத்து வந்து சேர்த்தார்கள்.

ஏட்டின் முதல் வரைவை பெறாமகள் எமக்கு அனுப்பியபோது, அந்தத் திருமணப் படத்தில் விளக்குக்காரர் இல்லை. அவர் நின்ற இடத்தில் வாழைமரம் நின்றது. இப்போதைய கைத்தொலைபேசிகளில் வேண்டாதவரை விரலால் ஒருமுறை தடவினாற் போதும். ஆள் மறைவார், அவருக்குப் பின்னால் இருந்திருக்கக்கூடிய மரத்தையோ சுவரையோ இயந்திரமே வரைந்து நிரப்பும். அவளிடம் கெட்ட நோக்கமில்லை. "யாரோ தெரியாத ஆள் பெரியப்பா, படம் வடிவாக வரட்டும் என்றுதான் எடுத்தேன்" என்றாள். அறுபதாண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டில் எவரும் சொல்லியிருக்கக்கூடிய காரணத்திலும் இது எத்தனையோ நாகரிகமானது. பயன் ஒன்றே. சாதித்திமிர் செய்ததை இப்போது அழகுணர்ச்சி செய்கிறது. நீக்கவேண்டியவர் யாரென்று இயந்திரத்துக்குத் தெரியாது. ஓரத்தில் நிற்பவர் யாரோ அவரைத்தான் அது காட்டித் தரும். ஓரத்தில் நிற்கவைத்தது நாம் வாழ்ந்த சமுதாயம்.

அவரைத் திரும்ப வைக்கும்படி கூறினோம், வைத்தாள். படத்தின் கீழ் எழுதுவதற்குப் பெயர் கேட்டாள். எங்கள் வீட்டில் வழங்கியது, முழுப் பெயரைக் குறுக்கி ஒருமையில் அழைத்த ஒரு கூப்பாடு. அதையா எழுதுவது? அவர் குடியிருந்த பகுதிக்குச் சென்று விசாரித்தோம். அவருடைய பேத்தி அங்கேதான் வாழ்கிறார். பாடசாலையொன்றில் கணிதம் கற்பிக்கிறார். பாட்டனாரின் முழுப் பெயரையும், அவர் பிறந்த ஆண்டையும், தேவரையாளிப் பாடசாலையில் சிறிது காலம் படித்தவர் என்பதையும் அவர் சொன்னார். பத்திரிகையை எழுத்துக்கூட்டி வாசிக்க வல்லவராயிருந்தாராம். எங்கள் முற்றத்தில் விளக்கோடு நின்றவருக்கு எழுத வாசிக்கத் தெரியும் என்பது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

அந்தக் குடும்பத்திடம் அவருடைய படம் ஒன்றுகூட இல்லை. பேத்தி பாட்டனாரின் முகத்தைப் பார்த்தது எமது கைத்தொலைபேசியில்தான். நெடுநேரம் பார்த்தார். பின்னர், "இவருடைய கண் என்னுடைய மகனுக்கு" என்றார். எங்கள் ஏட்டின் அலங்காரத்துக்கு இடையூறென நீக்கப்பட்டிருந்த அந்த உருவம், உலகில் அம்மனிதருக்கு இருக்கும் ஒரே சாயல்.

தேவரையாளியில் பாடசாலை நிறுவிய கா. சூரன், ஒடுக்கப்பட்ட மக்களின் கல்விக்காகத் தாம் பட்ட பாட்டைத் தாமே சுயசரிதையாக எழுதி வைத்தார்; அது பிற்காலத்தில் நூலாகவும் வந்தது. அவரைப் போல் எழுதி வைத்தவர் எத்தனை பேர்? எழுதாதவரின் கதை, அவரை வேலைகொண்டவரின் அல்பத்து ஓரங்களிலே கிடக்கிறது. ஆகவே வீட்டில் அல்பம் வைத்திருப்போர்க்கு ஒரு கடன் உண்டு. மின்வருடிய படத்தின் பிரதி எடுக்கச் செலவில்லை. பழைய காலத்தைப் போல ஒருவரிடமிருந்து பறித்து மற்றவருக்குக் கொடுக்க வேண்டியதில்லை. அந்தக் கணித ஆசிரியைக்கு மூலப்படத்தின் முழு அளவுப் பிரதியையே கொடுத்தோம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு, எடுத்த நாள் முதலிய குறிப்புகளையும் இழந்து சேரும் என்பதால், நினைவுத்துண்டில் பதிந்து நேரிலே கொண்டுசென்றோம்.

மாணவ நண்பர்களுக்கு இன்னொன்று. கணினியில் ஏற்றியது அழியாதென்று நம்பவேண்டாம். முன்னர் பாமினி எழுத்துருவில் கோக்கப்பட்ட கல்வெட்டுகளின் கணினிப் பிரதிகளை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தோன்றுகின்றன. ஓர்க்குட் என்னும் சமூகவலை 2014இல் மூடப்பட்டது. கூகுள் நிறுவனம் படங்களுக்கு எல்லையின்றி அளித்த இலவச இடத்தை 2021இல் நிறுத்திக்கொண்டது. நம் குடும்பக் கதை, இலாபக் கணக்குப் பார்க்கும் கம்பனியின் பண்டகசாலையில் மட்டும் இருப்பது, பிறர் காணியில் வீடு கட்டியது போன்றது. படத்தின் பின்புறத்தில் பென்சிலால் பெயர்களை எழுதுக. மூத்தவர்கள் இருக்கும்போதே அவர்களிடம் கேட்டு எழுதுக. ஒரு பிரதியை நூலகம் போன்ற பொது ஆவணகத்துக்குக் கொடுக்குக. உயிரோடு இருப்போரின் சம்மதத்தைக் கேட்டுக் கொடுக்குக.

ஏடு இன்னும் முடியவில்லை. ஒரு பக்கம் நிற்கிறது. 1950களின் குழுப் படமொன்றில், பின்வரிசையில் இரண்டாவதாக நின்ற எங்கள் சின்னம்மா ஒருவரின் முகம் சவர அலகினால் சுரண்டப்பட்டிருக்கிறது. அவர் ஆசிரியராயிருந்து, உடன் கற்பித்த ஒருவரைச் சாதி பாராது மணந்தவர். பாட்டனாரே அலகை எடுத்தார் என்று தாயார் சொல்லியிருந்தார். கல்வெட்டில் அவர் இல்லை, வம்சாவழியில் இல்லை. அந்த வெள்ளை வடுவைச் செயற்கை நுண்ணறிவு நொடியில் நிரப்பித் தரும் என்று பெறாமகள் சொன்னாள். ஒருமுறை செய்தும் காட்டினாள். அழகான முகமொன்று வந்தது. சின்னம்மாவின் முகம் அன்று. அழிக்கப்பட்டதை மறைக்கும் முகம் எமக்கு வேண்டியதில்லை. வடுவை வடுவாகவே அச்சிடும்படி கூறினோம். சின்னம்மாவின் மகள் வவுனியாவில் இருப்பதாக அறிந்து, தாயாரின் படம் ஏதேனும் உண்டோ என்று கேட்டு எழுதினோம். போர்க்காலத்தில் ஊர் ஊராக இடம்பெயர்ந்ததில் பெட்டிகள் போய்விட்டன, தாயார் கற்பித்த பாடசாலைகளில் விசாரித்துப் பார்க்கிறேன் என்று பதில் வந்திருக்கிறது.