மணியின் வயிறும் ஒரு தப்புக் கணக்கும்

ராத்திரி ரெண்டரை மணி. கட்டில் பக்கத்துல ஒரு முனகல். பாதித் தூக்கத்துல சட்டையைத் தேடி, சங்கிலியை மாட்டி, லிஃப்ட்டுக்கு ஓடணும். அரை நிமிஷம் தாமதமானா லிஃப்ட்டையும் நான்தான் கழுவணும். 2025-ல பாதி வருஷம் எனக்கு இப்படித்தாங்க போச்சு.

மணி எங்க வீட்டு நாய். (தங்கமணி வேற. அவங்க எங்க வீட்டு நிதியமைச்சர்.) 2020 லாக்டவுன்ல அபார்ட்மெண்ட் ஜெனரேட்டர் ரூம் பின்னாடி கிடைச்ச தெருக்குட்டி. அப்பா பேரு, அம்மா பேருன்னு கேஒய்சி எதுவும் கிடையாது. நாலு வருஷம் எதைத் தின்னாலும் செரிக்கிற வயிறு. அப்புறம் ஆரம்பிச்சது வினை. மாசத்துக்கு ஒரு தடவை, வாரத்துக்கு ஒரு தடவை, கடைசியில ஒருநாள் விட்டு ஒருநாள். 18 கிலோ இருந்தவன் 14-க்கு வந்துட்டான். தடவிக் கொடுத்தா விலா எலும்பை எண்ணலாம்.

நாய்க்கு வயிறு சரியில்லைன்னு பெங்களூர்ல வெளியில சொல்லிப் பாருங்க. இலவச ஆலோசனை கொட்டும். வாட்ச்மேன் "ராகி முத்தே கொடி சார்"னார். நாலாவது மாடி அம்மா பச்சை இறைச்சிதான் போடணும், நாய் ஓநாய் வம்சம்னாங்க. ஆபீஸ்ல ஒருத்தர் பரங்கிக்காய். எங்க அம்மா வழக்கம்போல தயிர் சாதம். நானும் ஒண்ணு விடாம எல்லாத்தையும் செஞ்சேன். மூணு நாள் ராகி, ரெண்டு நாள் பரங்கி, அப்புறம் தயிர். நடுநடுவுல, வயிறு கெட்டா உலகமே சொல்ற வைத்தியம்: கோழியும் சோறும்.

வேடிக்கை என்னன்னா, அதே 2025 ஜூலையில, அப்போ இருந்த பிபிஎம்பி, தெருநாய்களுக்குச் சிக்கன் சோறு போடப்போறோம்னு அறிவிச்சது. 5,000 நாய், வருஷத்துக்கு 2.88 கோடி ரூபாய். ஒரு நாய்க்கு 150 கிராம் கோழி, 100 கிராம் அரிசி, 100 கிராம் காய்கறி, 10 கிராம் எண்ணெய், மீதி உப்பும் மஞ்சளும். மொத்தம் 367.5 கிராம். ஊரே அதைப் பத்திச் சண்டை போட்டுக்கிட்டிருந்தப்ப நான் "இந்த மெனுவைத்தானே நானும் போடறேன், இவன் மட்டும் ஏன் இப்படி இளைக்கிறான்"னு உக்காந்திருந்தேன்.

கடைசியில ஒரு நல்ல டாக்டர் கிடைச்சார். முதல்ல சாப்பாட்டைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை. மூணு நாள் மலம் கொண்டுவரச் சொன்னார், புழுவும் ஜியார்டியாவும் இருக்கான்னு பார்க்க. ஒரே ஒரு நாள் பார்த்தா தப்பிச்சிடுமாம். அப்புறம் பட்டினி போட்டு ரத்தம். கணையம் செரிமானச் சாறு சுரக்காம போற வியாதி ஒண்ணு இருக்கு, ஜெர்மன் ஷெப்பர்ட்ல அதிகம். நாய் பேயாத் தின்னும், ஆனா இளைச்சுக்கிட்டே போகும். டிஎல்ஐன்னு ஒரு டெஸ்ட்ல அது தெரிஞ்சிடும். மணிக்கு அது இல்லை. பி12 மட்டும் குறைவு. குடல் ரொம்ப நாளா சரியா உறிஞ்சலைன்னா அப்படி ஆகுமாம். வாரம் ஒரு ஊசி, ஆறு வாரம்.

அப்புறம்தான் சாப்பாட்டுக்கு வந்தார். "மூணு நாளைக்கு ஒண்ணா மாத்தினா எது ஒத்துக்கலைன்னு உங்களுக்கு எப்படி சார் தெரியும்? இதுவரைக்கும் இவன் தின்னாத ஒரு இறைச்சி, கூட ஒரு மாவுச்சத்து. அவ்வளவுதான். வேற எதுவும் வாயில போகக்கூடாது. வயிறு மட்டும்தான் பிரச்சினைன்னா ரெண்டு மூணு வாரத்துல தெரிஞ்சிடும்."

நாய்களுக்கு ஒவ்வாமை தர்றதுல மாட்டிறைச்சி, பால், கோழி, கோதுமை இதெல்லாம்தான் முன்வரிசையாம். அதுவும் வருஷக்கணக்கா ஒழுங்காத் தின்னுக்கிட்டிருந்த சாப்பாடே திடீர்னு எதிரியாகலாம். அரிசி போடலாமான்னு பயந்துக்கிட்டே கேட்டேன். தாராளமானார். 2013-ல வந்த ஒரு ஆராய்ச்சியில மாவுச்சத்தைச் செரிக்கிற மரபணு ஓநாய்க்கு 2 பிரதிதான், நாய்க்கு 4-லேர்ந்து 30 வரைக்கும் இருக்குன்னு கண்டுபிடிச்சிருக்காங்க. மனுஷன் வீட்டு வாசல்ல சோறு தின்னே மாறின ஜாதி. நாலாவது மாடி அம்மாகிட்ட இதைச் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரலை.

எங்க வீட்டுல மீன் வாங்கறதே அபூர்வம், மணி தின்னதே இல்லை. அதனால மீன்னு முடிவாச்சு. ரஸல் மார்க்கெட்ல பாறை மீன் வாங்கி, தோலும் முள்ளும் எடுத்து, உப்பில்லாம வேகவெச்சு, குழைஞ்ச சோத்தோட பிசைஞ்சு ஒரு நாளைக்கு மூணு வேளை.

நமக்குத் தெரிஞ்ச ஒரே தொழில் கணக்கு. ஒரு நோட்டு போட்டேன். இடப்பக்கம் உள்ளே போனது, கிராம்ல. வலப்பக்கம் வெளியே வந்தது, 1-லேர்ந்து 7 வரைக்கும் மார்க். 1 கல்லு, 7 தண்ணி. 2, 3 வந்தா பாஸ்.

திங்கக்கிழமை ஆரம்பிச்சோம். அஞ்சாம் நாள் 4. ஆறாம் நாள் 3. வீடே கொண்டாடிச்சு. ஒன்பதாம் நாள், செவ்வாய், காலங்காத்தால 6.

இடப்பக்கம் எல்லாம் சரியா இருக்கு, வலப்பக்கம் டேலி ஆகலை. அப்ப கணக்குல வராத வரவு ஏதோ இருக்கு. அன்னிக்குச் சாயங்காலம் கொஞ்சம் சீக்கிரமா வீட்டுக்கு வந்தேன். பால்கனியில அம்மா டீயோட உக்காந்திருக்காங்க. மடியில மணியோட தலை. கையில பாதி பிஸ்கட்.

அப்பா போனப்புறம் ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டைப் பூட்டிட்டு எங்களோட வந்தவங்க. கன்னடம் தெரியாது. பகல் பூரா நாங்க யாரும் வீட்டுல இல்லை. அவங்க பேச்சைக் கேட்க இருந்தது மணி மட்டும்தான். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிஞ்சும் கத்தினேன். "நீதாம்மா அவனைக் கொல்றே"ன்னு சொல்லிட்டேன்.

அம்மா பதிலுக்கு ஒண்ணும் சொல்லலை. ரொம்ப நேரம் கழிச்சு, "வாயில்லாத ஜீவன், பாத்துக்கிட்டே இருந்துச்சுய்யா"ன்னாங்க. அவ்வளவுதான்.

மறுநாள்லேர்ந்து பிஸ்கட் டப்பா பரண்ல. திரும்ப 4, அப்புறம் 3. நான் ஜெயிச்ச மிதப்புல இருந்தேன். பதினாறாம் நாள் மறுபடியும் 6.

அன்னிக்கு ராத்திரி நோட்டை எடுத்து வெச்சுக்கிட்டு உக்காந்தேன். அப்பதான் கண்ணுல பட்டது. ஒன்பதாம் நாளும் செவ்வாய். பதினாறாம் நாளும் செவ்வாய். செவ்வாய்க்கு முன்னாடி என்ன நடக்குது? ஞாயித்துக்கிழமை. ஞாயித்துக்கிழமை என்ன? நான் என் கையால, தலையைத் தடவி, மணிக்கு ஒரு சத்து மாத்திரை கொடுக்கிற நாள். மென்னு திங்கிற வகை. அதை நோட்டுல எழுதவே இல்லை. மருந்து எப்படிங்க சாப்பாடாகும்? எங்க பாஷையில சொன்னா ஆஃப் பேலன்ஸ் ஷீட் ஐட்டம்.

டப்பாவைத் திருப்பிக் கண்ணாடி போட்டுப் படிச்சேன். கோழி ஈரல்னு இருந்தது.

அடுத்த ஞாயிறு மாத்திரை இல்லை. செவ்வாய்க்கிழமை மார்க் 3. அதுக்கடுத்த செவ்வாய் 2.

ஆறு வாரம் அமைதியாப் போனப்புறம் டாக்டர் கடைசிப் பரீட்சை வெச்சார். ஒவ்வொண்ணாத் திரும்பக் கொடுத்துப் பார்க்கணும், அப்பதான் குற்றவாளி யாருன்னு உறுதி. முதல்ல அம்மாவோட அதே பிஸ்கட். ஒரு வாரம், தினம் அரை பிஸ்கட். ஒண்ணும் ஆகலை. அதுல இருந்த கோதுமையும் பாலும் மணியை ஒண்ணும் பண்ணலை. அடுத்தது வேகவெச்ச கோழி. ரெண்டாம் நாள் ராத்திரி, ரெண்டரை மணி, கட்டில் பக்கத்துல முனகல்.

வைத்தியம்னு நான் திரும்பத் திரும்பப் போட்ட கோழிதான் வியாதி. பழியை மட்டும் அம்மா கணக்குல எழுதிட்டேன்.

தப்பா ஒரு பற்று எழுதினா பேங்க்ல ரிவர்சல் என்ட்ரி ஒண்ணு போட்டு முடிச்சிடலாம். அம்மாகிட்ட அப்படிப் போட முடியலை. ரெண்டு நாள் தள்ளிப்போட்டு, ஒரு சாயங்காலம் டீ கொண்டுபோய்க் கொடுத்து, "உன் பிஸ்கட்டால இல்லம்மா, நான் கொடுத்த மாத்திரைதான்"னு சொன்னேன்.

அம்மா கொஞ்ச நேரம் மணியைப் பார்த்துட்டு, "அப்போ நானும் டீக்கு ஒண்ணு எடுத்துக்கலாமாய்யா?"ன்னாங்க. அவன் பார்க்கிறப்போ தனியாத் தின்ன மனசில்லாம, அத்தனை வாரமும் அவங்க பிஸ்கட்டைத் தொடவே இல்லைன்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சது. தினமும் அதே வீட்டுலதான் இருந்தேன். நாயோட மலத்துக்கு மார்க் போட்டு வெச்சவனுக்கு அம்மா தட்டுல என்ன இல்லைன்னு தெரியலை.

இப்ப மணி 17 கிலோ. மீன் வேகவெக்கிறது அம்மாதான். சாயங்காலம் டீ நேரத்துல ஆளுக்குப் பாதி பிஸ்கட், அதுவும் நோட்டுல ஏறும். எழுதறதும் அம்மாதான்.

பி.கு: இதைப் படிச்சிட்டு உங்க நாய்க்குக் கோழியை நிறுத்திடாதீங்க. எங்க மணிக்குக் கோழி, உங்க வீட்டுக்காரருக்கு வேற ஏதாவதா இருக்கும். முதல்ல டெஸ்ட், அப்புறம் சாப்பாடு. வெறும் மீனும் சோறும் வருஷக்கணக்காப் போட்டா சுண்ணாம்புச் சத்து போதாது. மணிக்கு டாக்டர் அளந்து சொன்ன கால்சியம் பொடி தினமும் உண்டு. ருசிக்காக வெங்காயம், பூண்டு மட்டும் சேர்த்துடாதீங்க, நாய் ரத்தத்துல இருக்கிற சிவப்பணுவையே அழிச்சிடும். மாத்திரை டப்பாவின் பின்பக்கத்தையும் ஒரு தடவை படிச்சிடுங்க.