யூதாஸுக்குத் தெரிந்த தோட்டம்

எருசலேமின் கிழக்கு மதிலை ஒட்டிக் கீதரோன் பள்ளத்தாக்கு இறங்குகிறது. அதைக் கடந்தால் ஒலிவ மலை. மலையின் அடிவாரத்தில் கெத்செமனே தோட்டம். எண்ணெய்ச் செக்கு என்பது அந்தப் பெயரின் பொருள். அங்கிருந்து மேலேறி மறுபக்கம் இறங்கினால் பெத்தானியா வந்துவிடும். நகரத்திலிருந்து ஏறக்குறைய 3 கிலோமீட்டர்தான். அதற்கும் கிழக்கே யூதேயாவின் பாலைவனம், குகைகளும் வறண்ட ஓடைகளுமாகப் பரந்து கிடக்கிறது. பஸ்கா பண்டிகை பௌர்ணமியை ஒட்டி வருவதால் சிலுவைக்கு முந்தைய வியாழன் இரவில் நிலவு இருந்திருக்கும். இயேசுவைப் பிடிக்க வந்தவர்கள் விளக்குகளோடும் தீவட்டிகளோடும் வந்தார்கள் என்று யோவான் சொல்கிறார். நகரத்திலிருந்து பள்ளத்தாக்கில் இறங்கி வரும் தீவட்டிகள் எதிர்ச்சரிவில் விழித்திருப்பவர் கண்ணில் படாமல் போகாது. சீடர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள், இயேசு ஒருவரே விழித்திருந்தார். எழுந்து மலையேற அவருக்கு நேரம் இருந்தது. அவர் ஏறவில்லை. சிலுவைக்கு முந்தைய நாட்களின் பொருள் அந்தச் சில நிமிடங்களில்தான் அடங்கியிருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

பெரிய வெள்ளியன்று நம் மனம் ஆணிகளிலும் முள்முடியிலும் போய் நின்றுவிடுகிறது. சுவிசேஷங்களோ அதற்கு முந்தைய நாட்களுக்கு மிகுந்த இடம் கொடுக்கின்றன. மாற்குவின் 16 அதிகாரங்களில் கடைசி 6 அதிகாரங்கள் அந்த ஒரு வாரத்தைச் சுற்றியே நகர்கின்றன. அவற்றைக் கவனமாகப் படித்தால், சாவைத் தேடிப் போகிற ஒருவரை அங்கே காண முடியாது. கழுதைக்குட்டியின் மேல் நகரத்துக்குள் வந்தார். ஆலய வளாகத்தில் காசுக்காரர்களின் மேசைகளையும் புறா விற்றவர்களின் இருக்கைகளையும் கவிழ்த்தார். பகலெல்லாம் மக்கள் நடுவில் போதித்தார். மக்கள் கலகம் செய்வார்களோ என்று அஞ்சிய ஆசாரியர்களால் அந்தக் கூட்டத்தின் நடுவே அவரைத் தொட முடியவில்லை. பொழுது சாய்ந்ததும் அவர் நகரத்தை விட்டு வெளியேறி பெத்தானியாவிலோ ஒலிவ மலையிலோ இரவைக் கழித்தார். கடைசி விருந்துக்கான வீட்டைக்கூட முன்னதாக அவர் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. தண்ணீர்க் குடம் சுமந்து வரும் ஒருவனைப் பின்தொடர்ந்து போங்கள் என்று சொல்லி இரண்டு சீடர்களை அனுப்பினார். பெண்கள் தண்ணீர் எடுக்கும் ஊரில் குடம் சுமக்கும் ஆண் பளிச்சென்று தெரிவான். வாய் திறந்து கேட்காமலே ஆளைக் கண்டுகொள்ளலாம். இவை எச்சரிக்கையான மனிதரின் ஏற்பாடுகள். ஓடி ஒளிவதையும் அவர் இழிவாக நினைத்தவர் இல்லை. ஆலோசனைச் சங்கம் தம்மைக் கொல்லத் தீர்மானித்தபோது, பாலைவனத்துக்கு அருகே இருந்த எப்பிராயீம் ஊருக்கு விலகிப் போனவர்தான் அவர்.

ஆனால் விருந்தின் நடுவில், அவரைக் காட்டிக்கொடுக்கவிருந்த சீடன் யூதாஸ் எழுந்து இருட்டுக்குள் போன பிறகு எல்லாம் மாறுகிறது. அவன் எங்கே போகிறான் என்பது அவருக்குத் தெரியும். அதுவரை இடத்தை மறைத்தவர், இப்போது யூதாஸுக்கு நன்றாகத் தெரிந்த தோட்டத்துக்கே நடக்கிறார். அவர்கள் அங்கே அடிக்கடி கூடுவது வழக்கம் என்று யோவான் குறிப்பிடுகிறார். பஸ்கா இரவை நகர எல்லைக்குள்ளேயே கழிக்க வேண்டும் என்பது அன்றைய நியமம், பெத்தானியா அந்த எல்லைக்கு வெளியே இருந்தது, அதனால்தான் அங்கே போகவில்லை என்று சில அறிஞர்கள் விளக்குவதுண்டு. அந்த விளக்கம் சரியாகவே இருக்கலாம். ஆனாலும் ஒலிவ மலையின் சரிவு பெரியது; அத்தனை மரங்களுக்கு இடையே பழகிய அந்த ஒரு தோட்டத்தில்தான் இருக்க வேண்டும் என்று எந்த நியமமும் சொல்லவில்லை. அந்த இடத்தை அவரே தேர்ந்துகொண்டார்.

இங்கே ஒரு மறுப்பு எழும். எல்லாம் முன்பே குறித்துவைத்த தெய்வத் திட்டம். அதில் தேர்வுக்கு ஏது இடம்? இதற்குத் தோட்டத்து ஜெபமே பதில். துன்பத்தின் பாத்திரம் தம்மை விட்டு நீங்க வேண்டும் என்று அவர் மன்றாடினார். அதன் பிறகே பிதாவின் சித்தத்துக்குத் தம்மை ஒப்புக்கொடுத்தார். வேறு வழியே இல்லை என்றால் கேட்பதற்கும் ஒன்றும் இல்லை. மலையேறும் பாதை கண்ணெதிரே இருந்ததால்தான் அந்த ஜெபத்துக்கு அத்தனை வலி. சீடர்கள் தூங்கிவிட்டார்கள் என்றால் அந்த ஜெபத்தைக் கேட்டது யார் என்று அடுத்து கேட்கலாம். வார்த்தைக்கு வார்த்தை அப்படியே சொன்னார் என்று யாரும் நிரூபிக்க முடியாது. ஆனால் அவரை ஆண்டவராக வணங்கிய சபை, அவர் சாவுக்கு அஞ்சிக் கலங்கினார் என்பதைத் தானாகக் கற்பனை செய்திருக்குமா? இரண்டாம் நூற்றாண்டில் கெல்சஸ் என்ற அறிஞர் இந்தக் கலக்கத்தையே காட்டி கிறிஸ்தவர்களை ஏளனம் செய்தார். சங்கடம் தரும் அந்த நினைவைச் சபை மறைக்கவில்லை. சுவிசேஷங்களுக்கு வெளியே, எபிரெயருக்கு எழுதிய நிருபமும் அவருடைய கண்ணீரையும் கதறலையும் நினைவுகூர்கிறது.

அப்படியானால் ஏன் ஓடவில்லை? அதே பள்ளத்தாக்கைக் கடந்து அதே மலையேறி ஓடியவர் ஒருவர் உண்டு. மகன் அப்சலோம் கலகம் செய்தபோது தாவீது அரசன் வெறுங்காலோடு, அழுதுகொண்டே ஒலிவ மலையேறி வனாந்தரத்துக்குத் தப்பினான். நகரத்தில் வாள் விழக் கூடாது என்பதற்காகவே அவன் போனான். அது நியாயமான ஓட்டம். தாவீதின் குமாரன் என்று வாழ்த்தப்பட்ட இயேசு, அதே நியாயத்துக்காகவே அங்கே நின்றார். அவர் மறைந்திருந்தால் தீவட்டிகள் அணைந்திருக்காது. அவரோடு இருந்தவர்களைத் தேடியிருக்கும். தோட்டத்தில் அவர் முன்வந்து, யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டார். தம்மையே என்றால் மற்றவர்களைப் போக விடுங்கள் என்றார். பிடிபடும் நேரத்தில் அவர் வைத்த ஒரே நிபந்தனை அது. சீடர்கள் ஓடினார்கள். ஓர் இளைஞன் தன் மேல் போர்த்தியிருந்த மெல்லிய துணி காவலர்களின் கையில் சிக்கியபோது அதை அப்படியே விட்டுவிட்டு ஓடினான் என்று மாற்கு எழுதுகிறார். வெறும் துணியோடு நின்ற அந்தக் கையைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். பிடிபட வேண்டியவர்கள் ஒவ்வொருவராகத் தப்பிவிட்டார்கள். பிடிகொடுத்தவர் அவர் ஒருவரே.

இதற்கு முன்பே பிரதான ஆசாரியர் காய்பா ஒரு கணக்குச் சொல்லியிருந்தார்: இனம் முழுவதும் அழிவதைவிட ஒருவன் சாவது மேல். பண்டிகைக் காலத்தில் ரோமப் படை எருசலேமில் கண்காணித்து நிற்கும். கலகம் வெடித்தால் ரத்தம் ஓடும். அவருடைய அச்சம் பொய்யானதில்லை. தோட்டத்தில் இயேசு போட்டதும் அதே கணக்குதான்: பலருக்காக ஒருவர். ஆனால் காய்பா அந்த ஒருவராக வேறொருவரை நிறுத்தினார். இயேசு தாமே போய் நின்றார். இதை வைத்து யூத மக்கள் மேல் பழி போடுவது பெரும் அநியாயம். சிலுவை ரோமரின் தண்டனை, தீர்ப்பளித்தவன் பிலாத்து. 1961இல் செசரியாவில் கிடைத்த கல்வெட்டில் அவன் பெயரும் பதவியும் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. அந்தப் பழி எல்லா யூதர் மேலும் விழாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் தெளிவாக அறிவித்தது. காய்பாவின் கணக்கு எந்த ஒரு இனத்துக்கும் சொந்தமானதில்லை. ஊரின் அமைதிக்காக, நிறுவனத்தின் நற்பெயருக்காக, எளிய ஒருவரைப் பலிகொடுக்கத் துணியும் எல்லா இடத்திலும் அதுவே நடக்கிறது.

இதெல்லாம் மனித அறத்தின் அளவிலேயே நின்றுவிடுகிறதே, மீட்பு எங்கே என்று விசுவாசிகள் கேட்கலாம். மீட்பைப் பற்றிய எந்தப் போதனைக்கும் அவர் மனமுவந்து தம்மைத் தந்தார் என்பதே அடித்தளம். மனமுவந்து என்ற சொல்லுக்குச் சாட்சி அந்தத் தோட்டம். விருந்தில் சீடர்களின் கால்களை, யூதாஸின் கால்களையும் சேர்த்து, கழுவிவிட்டுத்தான் அவர் அங்கே வந்தார். பெரிய வியாழன் இரவில் ஆலயங்களில் விழித்திருந்து ஜெபிக்கிறவர்கள், அன்று தூங்கிப்போன சீடர்களுக்குப் பதிலாக அவரோடு விழித்திருக்கிறார்கள். அந்த விழிப்பில் நினைக்க வேண்டியது அவருடைய வலியை மட்டுமில்லை. திறந்திருந்த மலைப்பாதையையும் நினைக்க வேண்டும். அன்று ஓடியவர்களே பிறகு திரும்பி வந்து அவர் பெயரை உலகெங்கும் சொன்னார்கள். அவர்கள் உயிரோடு திரும்பி வர முடிந்ததற்குக் காரணம், அவர் அந்தப் பாதையில் ஏறாமல் தீவட்டிகளை எதிர்கொண்டு நடந்ததுதான்.