கொம்பு முதலில்

2002 வாக்கில் இன்டர்நெட்டில் தமிழ் படித்தவர் என்றால், 'முதலில் இந்த ஃபான்ட்டை டவுன்லோட் செய்யவும்' என்ற வரி உங்களுக்கு ஞாபகமிருக்கும். அந்த வரியைப் போட்டுப் பிழைத்த வெப் டிசைனர்களில் அடியேனும் ஒருவன். 1999-ல் தமிழக அரசு டாம், டாப் என்று தரம் நிர்ணயித்தது. யார் கேட்டார்கள்? ஆளுக்கொரு ஃபான்ட். அது இல்லாத கம்ப்யூட்டரில் பக்கம் முழுக்க மீசை வைத்த ஐரோப்பிய எழுத்துகள்.

அப்போது ஒரு ரிடையர்டு தமிழ் வாத்தியார், மறைந்த மனைவியைப் பற்றி எழுதியதை சைட்டாகப் போட்டுக் கொடுத்தேன். போன மாதம் அவர் மகள் சி.டி.யோடு வந்தார். "அப்பாவும் போயிட்டார். இதுல அம்மாவைப் பத்தி என்ன இருக்குன்னே தெரியலை சார்."

அந்த ஃபான்ட் என்னிடமும் இல்லை. பழைய பிரின்ட் அவுட் ஒரே ஒரு பக்கம் கிடைத்தது. அதை வைத்து எந்தக் குறி எந்த எழுத்து என்று பட்டியல் போட்டேன். பழைய ஃபான்ட்டில் கண்ணுக்குத் தெரிகிற வரிசைதான்: 'கெ' என்றால் கொம்பு முதலில், 'க' பிறகு. யூனிகோடில் நேர்மாறு. எல்லாவற்றையும் திருப்பிப்போட ஒரு சின்ன புரோகிராம். ஐந்து ராத்திரி. (வீட்டில் பேச்சுவார்த்தை நின்றது.)

முதல் வரி தெளிந்தது: 'அவளுக்குக் கெட்டிச் சட்னிதான் பிடிக்கும்.'

மகளுக்கு போனில் படித்தேன். "அம்மா எப்பவும் தண்ணியாத்தானே சார் அரைப்பாங்க?" என்றார்.

பட்டியலை மறுபடி பார்த்தேன். 'கெ' சரியாகத்தான் இருந்தது.